குளோரின் 35.5ன்னா அந்த அரை எங்க இருக்கு? ஐசோடோப் பத்தி கொஞ்சம் நீளமாவே

கேட்டது இதுதான்: தனிம அட்டவணையில குளோரினுக்கு 35.5ன்னு போட்டிருக்காங்க, புரோட்டானும் நியூட்ரானும் முழுசு முழுசாத்தானே இருக்கும், அப்ப அந்த அரை எங்கேருந்து வந்துச்சு? கார்பன்-14ல கூடுதலா இருக்கற ரெண்டு எது, எலக்ட்ரானா? ஐசோடோப்னாலே கதிரியக்கம்தானா? கெமிஸ்ட்ரி எல்லாம் ஒண்ணுதான்னா அதுகளை எப்படிப் பிரிக்கறாங்க? நாலுக்கும் வேர் ஒரே எடத்துல இருக்கு, அதனால தனித்தனியா பிரிக்காம சேத்தே சொல்லிடறேன்.

ஒரு அணு எந்தத் தனிமம்ங்கறத முடிவு பண்றது புரோட்டான் எண்ணிக்கை மட்டும்தான். 6 இருந்தா கார்பன், 7 இருந்தா நைட்ரஜன், 17 இருந்தா குளோரின், 79 இருந்தா தங்கம். அந்த எண்ணுக்குத்தான் அணு எண்ணுன்னு பேரு. இப்ப ஒரு குளோரின் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் கூடக் குடுங்க, அது குளோரைடு அயனி ஆயிடும், ஆனா தனிமம் குளோரின்தான். ரெண்டு நியூட்ரான் கூடக் குடுங்க, கொஞ்சம் வெயிட் ஏறும், அப்பவும் குளோரின்தான், இப்படி நியூட்ரான்ல மட்டும் வித்தியாசப்படற கூட்டாளிங்களுக்குத்தான் ஐசோடோப்னு பேரு. ஆனா ஒரே ஒரு புரோட்டானைக் கூட்டிப் பாருங்க, அது ஆர்கான், வேற தனிமம், வேற கட்டம், குளோரினோட எந்தக் குணமும் அதுகிட்ட இருக்காது. அயனியையும் ஐசோடோப்பையும் போட்டுக் குழப்பிக்கறவங்க நெறைய பேரு, எனக்கும் படிக்கற காலத்துல ரொம்ப நாள் அந்தக் குழப்பம் இருந்துச்சு, எலக்ட்ரான் மாறினா அயனி, நியூட்ரான் மாறினா ஐசோடோப்னு மட்டும் பிடிச்சுக்கிட்டா தப்பிச்சுடலாம்.

இதுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் மனசுல நிக்கும். அணுவோட நடுவுல கரு, அதுக்குள்ள புரோட்டானும் நியூட்ரானும் ஒண்ணோட ஒண்ணு நெருக்கிக்கிட்டு இருக்கும். சுத்தி எலக்ட்ரான். ஒரு புரோட்டான் ஒரு எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனம், நியூட்ரான் புரோட்டானைவிட ஒரு துளி அதிகம், அவ்வளவுதான். அதனால அணுவோட வெயிட்டுல 99.9 சதவீதத்துக்கு மேல கருவுலயே முடிஞ்சுபோச்சு. ஆனா எடத்தை அடைச்சுக்கறது எலக்ட்ரான்தான். தங்கத்தோட கருவை 1 சென்டிமீட்டர் கோலிகுண்டா பெருசு பண்ணினோம்னா அந்த அணுவோட குறுக்களவு கிட்டத்தட்ட 200 மீட்டர் வரும். ரூதர்ஃபோர்டு 1911ல கருன்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னதே இதை வச்சுத்தான், மெல்லிசான தங்கத் தகடு மேல ஆல்ஃபா துகளை அடிச்சா பெரும்பாலானது நேரா ஊடுருவிப் போயிடுச்சு, ஏதோ ஒண்ணு ரெண்டு மட்டும் முட்டித் திரும்பி வந்துச்சு, அப்படின்னா உள்ள ரொம்பச் சின்னதா ரொம்பக் கனமா என்னவோ இருக்குன்னுதானே அர்த்தம். பாடப்புத்தகத்துல சூரியனைக் கோள்கள் சுத்தற மாதிரி ஒரு படம் போட்டிருப்பாங்களே, அதை முழுசா நம்பாதீங்க, எலக்ட்ரான் அப்படி ரோடு போட்டுச் சுத்தறதில்ல, ஒரு மேகம் மாதிரி பரவிக் கெடக்குன்னு நெனச்சுக்கறதுதான் உண்மைக்குக் கிட்ட. நம்ம விஷயத்துக்கு இவ்வளவு போதும்: கெமிஸ்ட்ரின்னு நாம சொல்றது பூராவும் அந்த வெளி மேகத்துல நடக்கற கொடுக்கல் வாங்கல். அந்த மேகத்தைப் பிடிச்சு வச்சிருக்கறது கருவோட நேர் மின்சுமை, அதாவது புரோட்டான். நியூட்ரானுக்கு மின்சுமையே கெடையாது, அதனால அது ஒண்ணு கூடினாலும் ரெண்டு கூடினாலும் மேகத்துக்குத் தெரியறதே இல்லன்னு சொல்லலாம். ஐசோடோப்புங்க எல்லாம் கெமிஸ்ட்ரியில ஒரே மாதிரி நடந்துக்கறதுக்குக் காரணம் இதுதான்.

இப்ப அந்த 35.5க்கு வரலாம். இயற்கையில கெடைக்கற குளோரின் ரெண்டு வகை. ரெண்டுலயும் 17 புரோட்டான், ஒண்ணுல 18 நியூட்ரான், அது குளோரின்-35, இன்னொண்ணுல 20 நியூட்ரான், அது குளோரின்-37. புரோட்டான் நியூட்ரான் ரெண்டையும் எண்ணிக் கூட்டினா வர்ற இந்த 35, 37 தான் நிறை எண், இது எப்பவும் முழு எண்ணாத்தான் இருக்கும், எண்ணிக்கைதானே. அட்டவணையில போட்டிருக்கறது நிறை எண் இல்ல, அது அணு நிறை, எல்லா ஐசோடோப்பையும் அதது இருக்கற விகிதத்துல சேத்து எடுத்த சராசரி. பேரு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்னு நான் நெனைக்கறேன். அரை நியூட்ரான் எங்கயும் இல்ல, 35.5 வெயிட் உள்ள குளோரின் அணு ஒண்ணே ஒண்ணுகூட உலகத்துல கெடையாது.

கணக்கைப் போட்டே பாத்துடலாம். 10,000 குளோரின் அணுவை எடுத்தா அதுல சுமாரா 7,577 அணு 35, மீதி 2,423 அணு 37. 35ஐ 7,577ஆல பெருக்கி, 37ஐ 2,423ஆல பெருக்கி, கூட்டி 10,000ஆல வகுத்தா 35.48 வரும். ஆனா அட்டவணையில நல்லாப் பாருங்க, 35.45ன்னுதான் இருக்கும், 35.5ங்கறது அதையே ரவுண்ட் பண்ணினது. அந்த 0.03 எங்க போச்சு? நெறைய பேரு இதைக் கவனிக்கறதே இல்ல, கவனிச்சாலும் ஏதோ ரவுண்டிங் தப்புன்னு விட்டுடுவாங்க, ஆனா எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்சது இந்த எடம்தான். குளோரின்-35ஓட உண்மையான நிறை 35 இல்ல, 34.969. குளோரின்-37ஓடது 36.966. இதை வச்சுக் கணக்குப் போட்டா கரெக்டா 35.45 வந்துடும். சரி, அது ஏன் 34.969? 17 புரோட்டான், 18 நியூட்ரான், 17 எலக்ட்ரான், எல்லாத்தையும் தனித்தனியா நிறுத்துக் கூட்டினா 35.289 வரணும். ஆனா அதுங்களே சேந்து ஒரு அணுவா நிக்கறப்ப 34.969 தான் இருக்கு. சேந்ததுல 0.32 கொறஞ்சுபோச்சு. அந்தக் கொறஞ்ச நிறைதான் ஆற்றலா வெளிய போயிடுச்சு, கருவைத் திரும்பப் பிரிச்சு எடுக்கணும்னா அந்த ஆற்றலைத் திருப்பிக் குடுக்கணும். அணு உலையில வர்ற சக்தி, சூரியன்ல வர்ற சக்தி எல்லாத்துக்கும் மூலம் இந்த மாதிரி கணக்குல இடிக்கற சின்னச் சின்ன தசமப் புள்ளிகள்தான். நிறையை அளக்கற அலகே கார்பன்-12ஓட நிறையைச் சரியா 12ன்னு வச்சு அதுலேருந்து எடுத்ததுதான், 1961லேருந்து அப்படி, அதனால சரியா முழு எண்ணுல நிறை இருக்கற அணு கார்பன்-12 ஒண்ணுதான், மத்ததெல்லாம் அங்கயும் இங்கயும் ஒரு துளி விலகித்தான் இருக்கும்.

சராசரியைக் கண்ணால பாக்க முடியாது, ஆனா தனித்தனி ஐசோடோப்பைப் பாக்க முடியும். குளோரின் வாயுவை நிறைமாலைமானிங்கற கருவிக்குள்ள விட்டா, அது மூலக்கூறுகளை அயனியாக்கி வெயிட் வாரியா பிரிச்சு வரிசையா கோடு கோடா காட்டும். குளோரின் ரெண்டு ரெண்டு அணுவாச் சேந்துதானே இருக்கும், அதனால 70ல ஒரு கோடு, 72ல ஒண்ணு, 74ல ஒண்ணு, உடையாத முழு மூலக்கூறுக்குன்னு மொத்தம் மூணு. 100 மூலக்கூறுல சுமாரா 57க்கு ரெண்டுமே 35, 37க்கு ஒண்ணு இது ஒண்ணு அது, 6க்கு ரெண்டுமே 37. சராசரி 70.9ன்னு சொல்றோமே, அந்த எடத்துல ஒரு கோடும் இருக்காது, வெறும் வெத்துத்தான். ஏதோ ஒரு தெரியாத பொருளுக்குள்ள குளோரின் இருக்கான்னு கெமிஸ்ட்ரிக்காரங்க கண்டுபிடிக்கறது பெரும்பாலும் இப்படித்தான், ரெண்டு யூனிட் தள்ளி மூணுல ஒரு பங்கு உயரத்துல இன்னொரு கோடு நின்னா ஒரு குளோரின் அணு இருக்குன்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம்.

ஐசோடோப்ங்கற பேரு வந்தது 1913ல, சாடின்னு ஒருத்தர் கிளாஸ்கோல கதிரியக்கப் பொருள்களை வச்சு வேலை பாத்துட்டு இருந்தாரு. வெயிட் வேற வேறயா இருக்கு, சிதையற வேகம் வேற வேறயா இருக்கு, ஆனா கெமிஸ்ட்ரியில பிரிக்கவே முடியல, அட்டவணையில எல்லாத்தையும் ஒரே கட்டத்துலதான் வைக்க முடியுதுன்னு அவருக்குத் தலைவலி. மார்கரெட் டாட்ங்கற டாக்டரம்மா தான் கிரேக்கத்துல ஒரே எடம்ங்கற அர்த்தத்துல இந்தப் பேரை எடுத்துக் குடுத்தாங்க. தமிழ்ல ஓரிடத்தான்னு வச்சிருக்காங்க பாருங்க, அது அப்படியே அச்சு அசலா பொருந்துது, அந்தப் பேரைப் பாத்தாலே வரையறையை மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. இதுல வேடிக்கை என்னன்னா அப்ப நியூட்ரானே தெரியாது, சாட்விக் அதைக் கண்டுபிடிச்சது 1932ல. நாம இன்னிக்கு ஒரே வரியில சொல்ற விளக்கம் அவங்களுக்கு வந்து சேர 19 வருஷம் ஆச்சு. நடுவுல 1919ல ஆஸ்டன் ஒரு நிறை அளக்கற கருவி பண்ணி, நியான்ல 20ம் 22ம் ரெண்டும் இருக்குன்னு அடிச்சுச் சொன்னாரு, கதிரியக்கமே இல்லாத சாதாரணத் தனிமத்துலயும் ஐசோடோப் உண்டுன்னு அதுக்கப்பறம்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

இப்ப கார்பன்-14. கூடுதலா இருக்கற ரெண்டும் நியூட்ரான்தான். கார்பன்-12ல 6 புரோட்டான் 6 நியூட்ரான் 6 எலக்ட்ரான், கார்பன்-14ல 6 புரோட்டான் 8 நியூட்ரான் 6 எலக்ட்ரான். நிறை எண்ணுலேருந்து அணு எண்ணைக் கழிச்சா நியூட்ரான், 14ல 6 போனா 8. எலக்ட்ரானை இந்த 14லேருந்து கண்டுபிடிக்கவே கூடாது, அது புரோட்டானைப் பாத்து எழுதறது. இது எப்படி உண்டாகுதுன்னா, விண்வெளியிலேருந்து வர்ற கதிர்கள் மேல் வளிமண்டலத்துல மோதி நியூட்ரானை உதிர்க்குது, அந்த நியூட்ரான் ஒரு நைட்ரஜன்-14 கருவுல போய் இடிச்சு உள்ள உக்காந்துக்கிட்டு ஒரு புரோட்டானை வெளிய தள்ளிடுது. 7 புரோட்டான் 6 ஆச்சு, நைட்ரஜன் கார்பன் ஆயிடுச்சு. அப்பறம் என்னிக்கோ ஒரு நாள் அந்த 8 நியூட்ரான்ல ஒண்ணு புரோட்டானா மாறி ஒரு எலக்ட்ரானை வெளிய வீசிடும், 6 மறுபடியும் 7, பழையபடி நைட்ரஜன். நான் மேல சொன்ன புரோட்டான் விதியை இதுல அப்படியே பாக்கலாம், நிறை எண் கடைசி வரைக்கும் 14லயே நிக்குது, தனிமம் மட்டும் ரெண்டு தடவை மாறுது.

அரை ஆயுள் 5,730 வருஷம்னு சொல்றாங்களே, அதை ஒரு அணு 5,730 வருஷம் உயிரோட இருந்துட்டுச் செத்துப்போகும்னு எடுத்துக்காதீங்க. ஒரு தனி அணு நாளைக்கே சிதையலாம், லட்சம் வருஷம் அப்படியே கெடக்கவும் செய்யலாம், அதுக்கு வயசாகறதே இல்ல. ஒரு பெருங்கூட்டத்துல பாதி போறதுக்கு ஆகற காலம்தான் 5,730. உயிரோட இருக்கற மரத்துலேருந்து 1 கிராம் கார்பனை எடுத்தா அதுல கார்பன்-14 அணு மட்டும் சுமாரா 6,000 கோடி இருக்கும், கேக்கப் பெருசா இருந்தாலும் மொத்தக் கார்பன்ல அது லட்சம் கோடியில ஒண்ணுதான். அந்த 6,000 கோடியில நிமிஷத்துக்கு சிதையறது ஏறக்குறைய 14. மரத்தை வெட்டினதும் புதுக் கார்பன் உள்ள வர்றது நின்னுடும், இருக்கறது மட்டும் கொறஞ்சுக்கிட்டே வரும். 5,730 வருஷம் கழிச்சு அதே 1 கிராம்ல நிமிஷத்துக்கு 7, இன்னொரு 5,730 போனா மூணரை. லிபிங்கற விஞ்ஞானி இதை வச்சு பழைய பொருளோட வயசு சொல்ற முறையைக் (கார்பன் டேட்டிங்) கொண்டுவந்து 1960ல நோபல் வாங்கினாரு. 50,000 வருஷத்துக்கு மேல போனா மிச்சம் இருக்கறது ரொம்பக் கம்மி, அளக்கறதே கஷ்டம், அதனால டைனோசர் எலும்புக்குக் கார்பன் டேட்டிங் பண்ணினாங்கன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

ஐசோடோப்னாலே கதிரியக்கம்தானாங்கறதுக்கு பதில் இல்லைங்கறதுதான். கார்பன்-12, கார்பன்-13 ரெண்டும் நிலையானது, குளோரின் ரெண்டும் நிலையானது, தகரத்துக்கு மட்டும் நிலையான ஐசோடோப் 10 இருக்கு, அதுதான் ரெக்கார்டு. கருவுக்குள்ள ஒரு இழுபறி எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். புரோட்டான் எல்லாம் நேர் மின்சுமை, ஒண்ணை ஒண்ணு தள்ளும், அதையும் மீறிப் பிடிச்சு வைக்கறது வலிய அணுக்கரு விசை, ஆனா அதோட கை நீளம் ரொம்பக் கம்மி, பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறதை மட்டும்தான் பிடிக்கும். தள்ளற விசை கருவோட அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் வேலை செய்யும். நியூட்ரான் தள்ளாது, ஆனா பிடிக்கறதுல பங்கு எடுத்துக்கும், அதனால கரு பெருசாகப் பெருசாக நியூட்ரான் அதிகமா தேவைப்படுது. கார்பன்-12ல 6க்கு 6 போதும், ஈயம்-208ல 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான். நியூட்ரானை இஷ்டத்துக்கு ஏத்தவும் முடியாது, ஏத்தினா அதுவே புரோட்டானா மாற ஆரம்பிச்சுடும், கார்பன்-14க்கு ஆனது அதுதான். ஈயத்தைத் தாண்டிட்டா எவ்வளவு நியூட்ரான் போட்டாலும் முழுசா நிலைக்கற கரு ஒண்ணுகூட இல்ல.

நிலையில்லாதது எங்கயோ லேப்லதான் இருக்குன்னு நெனைக்க வேண்டாம். பொட்டாசியம்ல 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40, கதிரியக்கம் உள்ளது, அரை ஆயுள் 125 கோடி வருஷம். பொட்டாசியம் நம்ம ஒடம்புலயும் இருக்கு, 70 கிலோ ஆளோட ஒடம்புக்குள்ள செகண்டுக்கு 4,000க்கு மேல இது சிதைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, இதைப் படிக்கறப்பவும். இதே பொட்டாசியம்-40ல ஒரு பங்கு சிதைஞ்சு ஆர்கான்-40 ஆகுது, காத்துல இருக்கற ஆர்கான்ல 99 சதவீதத்துக்கு மேல அப்படி வந்ததுதான். அட்டவணையில ஆர்கான் 39.95, அடுத்த கட்டத்துல பொட்டாசியம் 39.10, வெயிட் தலைகீழா இருக்கேன்னு எப்பவாவது குழம்பியிருந்தீங்கன்னா காரணம் இதுதான், ஆர்கான்ல கனமான ஐசோடோப் மலிஞ்சு கெடக்கு, பொட்டாசியம்ல 39தான் அதிகம். வரிசையை வெயிட்டைப் பாத்துப் போடக் கூடாது, கருவோட மின்சுமையைப் பாத்துப் போடணும்னு 1913ல எக்ஸ் கதிரை வச்சு நிரூபிச்சது மோஸ்லி, ரெண்டே வருஷத்துல முதல் உலகப் போர்ல 27 வயசுல செத்துப்போயிட்டாரு.

கெமிஸ்ட்ரி ஒரே மாதிரின்னு மேல சொன்னதுக்கு ஒரு விதிவிலக்கு ஹைட்ரஜன். அங்க ஒரு நியூட்ரான் சேந்தாலே வெயிட் ரெட்டிப்பு, 35க்கும் 37க்கும் இருக்கற மாதிரி சின்ன வித்தியாசம் இல்ல. டியூட்டீரியம்னு அதுக்குத் தனிப் பேரே வச்சிருக்காங்க, வேற எந்தத் தனிமத்தோட ஐசோடோப்புக்கும் இன்னிக்கு அந்த மரியாதை கெடையாது. அதுல பண்ணின கனநீர் 3.8 டிகிரியிலயே உறையும், 101.4ல கொதிக்கும், அதோட ஐஸ்கட்டியைச் சாதாரணத் தண்ணியில போட்டா மெதக்காம முழுகிப்போயிடும். பாக்கறதுக்குச் சாதாரண ஐஸ் மாதிரியேதான் இருக்கும், போட்டதும் அடியில போய் உக்காந்துக்கும். டியூட்டீரியம் போட்ட பிணைப்பு ஒடையறதும் மெதுவாத்தான்.

கடைசி கேள்வி, பிரிக்கறது. ஹைட்ரஜனுக்கு இந்த வித்தியாசத்தையே பயன்படுத்திக்கலாம். கனமான தனிமத்துல கெமிஸ்ட்ரி கை குடுக்காது, வெயிட் வித்தியாசம் ஒண்ணுதான் மிச்சம். யுரேனியத்தை எடுத்துக்கங்க, இயற்கையில 99.3 சதவீதம் யுரேனியம்-238, அணு உலைக்குத் தேவையான 235 வெறும் 0.7. அதை 6 ஃப்ளூரின் அணுவோட சேத்து யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடுன்னு ஒரு வாயுவாக்கி, பயங்கர வேகமா சுத்தற உருளைக்குள்ள விடறாங்க, கனமானது சுவரை ஒட்டிக் கொஞ்சம் அதிகமா ஒதுங்கும், லேசானது நடுப்பக்கம் கொஞ்சம் அதிகமா நிக்கும். ஒரு மூலக்கூறு 349, இன்னொண்ணு 352, வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்ல, அதனால ஒரு உருளையில கெடைக்கறது துளியூண்டு முன்னேற்றம்தான், அதையே அடுத்த உருளைக்கு, அதுலேருந்து அடுத்ததுக்குன்னு அடுக்கடுக்கா நெறைய உருளைகளை இணைச்சு ஏத்திக்கிட்டே போகணும். இதுலயும் ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. இயற்கையில ஃப்ளூரினுக்கு ஒரே ஒரு ஐசோடோப்தான், ஃப்ளூரின்-19. குளோரின் மாதிரி அதுக்கும் ரெண்டு இருந்திருந்தா, கனமா வர்ற மூலக்கூறு யுரேனியத்தால கனமா இல்ல கூட ஒட்டியிருக்கற ஆளால கனமான்னு உருளைக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.